மிதிவெடி அகற்றியவர்களுக்கு மறுபயிற்சி: சம்பளம் கிடைக்கும்போதே தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் நாட்டில் மிதிவெடி அகற்றி முடிய வேண்டும். முடியட்டும், அதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் அதோடு வடக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் வேலையில்லாமல் வீட்டுக்கு வருவார்கள். நான் கிழக்கில் அப்படி வந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ஆறு வருடம் மிதிவெடி அகற்றினேன். ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து, முதலில் புல்லைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுப்போம். பிறகு உலோகம் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரைப் பிடிப்போம். சத்தம் வந்த இடத்தில் நேரே கை வைக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளித் தோண்டத் தொடங்கி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பக்கவாட்டாகக் கிட்டப் போக வேண்டும். மேற்பக்கம் அமுங்கினால்தான் வெடிக்கும், ஆகவே பக்கத்தைத்தான் தொடலாம். பெரும்பாலும் துருப்பிடித்த ஆணியோ மீன் டின் மூடியோதான் வரும். பத்து ஆணி எடுத்த பிறகும் பதினோராவதை வெடி என்றே நினைத்துத் தோண்ட வேண்டும். அந்த நிதானம் இப்போதும் என் கையில் இருக்கிறது.

2017 ஜூனில், நாட்டிலேயே முதல் மாவட்டமாக, மட்டக்களப்பு மிதிவெடியற்றது என்று அறிவித்தார்கள். சந்தோசத்தில் அழுதேன். நாங்கள் துப்புரவாக்கிய காணியில் சனம் இப்போது கச்சான் போடுகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

நிறுவனம் போகும்போது மூன்று நாள் சுயதொழில் பயிற்சி தந்தார்கள். கேக் ஐசிங், தையல், கோழி வளர்ப்பு. முடிவில் ஒரு கொப்பி, ஒரு சான்றிதழ். தையல் கெட்ட தொழில் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் பதினொரு பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால், சட்டை தைக்கத் துணி கொண்டு வருவது யார்? எங்கள் குழுவில் ஒருத்தி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு பேர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். இன்னொருத்தி இருந்த காசைப் போட்டு லீசிங்கில் முச்சக்கரவண்டி எடுத்தாள், கட்டுப்பணம் பிந்தியதும் வண்டியைக் கொண்டு போய்விட்டார்கள்.

நான் சான்றிதழோடு ஓர் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கிருந்தவர் ஆங்கிலத்தில் இருந்ததை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ.எல் பாஸா தங்கச்சி?" என்று கேட்டார். நான் ஓ.எல், அதாவது சாதாரண தரப் பரீட்சை, எழுத இருந்தது 2006 டிசம்பரில். அந்த மாதம் வாகரைச் சனம் செல்லடிக்குப் பயந்து காட்டு வழியால் நடந்து வந்துகொண்டிருந்தது. அதிலே நானும் ஒருத்தி. இதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்குத் தொழில் தெரியாமல் இல்லை, தெரிந்த தொழிலுக்கு இந்த நாட்டில் செல்லும் ஒரு கடுதாசிதான் இல்லை. வேலை செய்து பழகியவர்களைச் சோதித்துப் பார்த்துத் தேசிய தொழில் தகைமை, அதுதான் என்.வி.கியூ, கொடுக்கும் முறை ஏற்கனவே இருக்கிறது. மேசன், மெக்கானிக் எல்லாம் அப்படி எடுக்கிறார்கள். எங்களையும் சோதியுங்கள். கால் போனவருக்கு இரத்தம் கட்டுப்படுத்தி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி அனுப்பும்வரை செய்ய வேண்டிய முதலுதவியை நாங்கள் திரும்பத் திரும்பப் பழகினோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவைக்கு ஆள் எடுக்கும்போது இது கணக்கில் வராதா? ஜி.பி.எஸ். பிடித்து எல்லை குறித்து வரைபடம் கீறத் தெரிந்தவர்களுக்கு நில அளவை வேலையில் இடமில்லையா?

இதற்கெல்லாம் நேரம் வேலை முடிந்த பிறகு இல்லை. சம்பளம் நின்றதும் அடுத்த மாதமே வீட்டில் அரிசி பார்க்க வேண்டும், ஆறு மாதப் படிப்புக்கு யாரால் போக முடியும்? கடைசி இரண்டு வருடமாவது கிழமைக்கு ஒரு நாளைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். 2028 வரை காலம் இருக்கிறது என்றும் நினைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை ஒரே அறிவித்தலில் 90 நாட்களுக்கு நிறுத்தியதைப் பார்த்தோம்தானே. வெளிநாட்டுக் காசில் நடக்கும் வேலை முடிகிற திகதி நம் கையில் இல்லை.

வடக்கில் வேலை செய்யும் நிறுவனங்களும் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரிகளும் இப்போதே ஒரு மேசையில் இருந்து பேச வேண்டும். எங்களைக் கூப்பிட்டாலும் வருவோம். எந்தப் பயிற்சி உதவியது, எது கொப்பியோடு போனது என்று ஆள் ஆளாகச் சொல்ல எங்களால் முடியும்.

இப்படிக்கு,
முன்னாள் மிதிவெடி அகற்றும் பணியாளர் ஒருவர்,
வாகரை.