ஒரே எடை, இரண்டு அலி

ராயபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சின்னவன் குத்துச்சண்டையில் இவ்வளவு தீவிரமாக இறங்கியிருக்கிறான் என்று படித்ததும் அன்று முழுக்க மனசு அதிலேயே இருந்தது. நம் இரண்டு வீட்டிலும் யாராவது ஒருவர் மறுபடி கிளவுஸ் மாட்ட மாட்டார்களா என்று எத்தனை வருடம் பேசியிருக்கிறோம்! ஆனால் நீ பெருமையாக எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆறு வாரத்தில் 112 கிலோவிலிருந்து 101-க்கு வந்துவிட்டான், சிலை மாதிரி இருக்கிறான் என்கிறாய். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டான், ஏதோ மாத்திரையும் எடுக்கிறான் என்று போகிற போக்கில் சேர்த்திருக்கிறாய்.

1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸ் வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் நாம் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தும், "மனுஷர் கனத்துட்டார்டா" என்று நீதான் சொன்னாய். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். அதே வருடம் அக்டோபர் 2-ஆம் தேதி, லாஸ் வேகாஸில் உலக சாம்பியன் லாரி ஹோம்ஸோடு மோதத் திரும்பி வந்தார். படங்களைப் பார்த்தபோது நமக்கு நம்பவே முடியவில்லை. வயிறு காணாமல் போய், இடுப்பு ஒட்டி, 1974-இல் ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்திய அலியே திரும்ப வந்த மாதிரி இருந்தது. எடையும் அப்படித்தான். கின்ஷாசாவில் 216½ பவுண்டு, லாஸ் வேகாஸில் 217½. அரைக் கிலோகூட வித்தியாசம் கிடையாது, இரண்டுமே 98 கிலோவுக்குச் சற்று மேல்.

ஆனால் அன்று லாஸ் வேகாஸ் ரிங்கில் நின்றவர் வேறு ஆள். கால் நகரவில்லை, கை நீளவில்லை. 10 ரவுண்டும் அடி வாங்கிக்கொண்டே இருந்தார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சியில் எதிராடியவர். அவரை மேலும் அடிக்க மனமில்லாமல், நிறுத்துங்களேன் என்பது போல நடுவரைப் பார்த்தார். 11-ஆவது ரவுண்டுக்கு அலியை அனுப்ப அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ மறுத்துவிட்டார். அலி பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்றது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். எடை எப்படி இறங்கியது என்பது பின்னால்தான் தெரிந்தது: தைராய்டு மாத்திரை. கொழுப்போடு சேர்த்து உடம்பின் பலத்தையும் அது கரைத்துவிட்டிருந்தது. 38 வயதும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயதான அலிக்குக் கடைசியில் கைகொடுத்திருக்க வேண்டிய தம்மும் அன்று இல்லை.

கின்ஷாசாவை நினைத்துப் பார். ஃபோர்மேனுக்கு 25 வயது, அலிக்கு 32. பட்டத்துக்கான ஃபோர்மேனின் முந்தைய மூன்று சண்டைகளில் ஒன்றுகூட இரண்டு ரவுண்டைத் தாண்டவில்லை. அந்த வருடங்களில் அவருக்கு நீண்ட சண்டையே தேவைப்பட்டதில்லை. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் மறைத்து, அவரை அடிக்கவிட்டார். 8-ஆவது ரவுண்டில் ஃபோர்மேனின் கைகள் ஈரத்துணி போலத் தொங்கின. அதைத் தந்திரம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஏழு ரவுண்டு அந்த மாதிரி அடி வாங்கிவிட்டு எட்டாவதில் பளிச்சென்று குத்த உடம்பு வேண்டுமே, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நம் மாஸ்டர் சொல்வாரே, பட்ட குத்தைவிடத் தவறிய குத்துதான் ஆளைத் தின்னும் என்று. நூறு கிலோ உடம்பை முன்னால் வீசி, காற்றில் குத்தி, திரும்ப இழுத்து நிறுத்துவதற்கு எவ்வளவு மூச்சு போகும்! தசை அதிகமானால் அது கேட்கிற பிராணவாயுவும் அதிகம். கட்டிப்பிடிக்கும்போது எதிராளி தன் முழு எடையையும் கழுத்தில் சாய்ப்பான். களைத்தவனுக்கு முதலில் கால் போகும், அப்புறம் கை நெஞ்சுக்கு இறங்கும், அதற்கப்புறம் தாடை திறந்து கிடக்கும். ஹெவிவெயிட்டில், அதான் மிக அதிக எடைக்காரர்கள் பிரிவில், அந்தத் தாடைக்கு ஒரே குத்து போதும்.

இதை உடம்பின் தோற்றத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. 2019 ஜூனில் நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸ் சட்டை கழற்றியபோது தொப்பையைப் பார்த்து ஊரே சிரித்தது. 268 பவுண்டு, கிட்டத்தட்ட 122 கிலோ. எதிரே செதுக்கி வைத்தது போல உலக சாம்பியன் ஆண்டனி ஜோஷுவா. ஆனால் ரூயிஸ் ஆறு வாரம் முன்புதான் இன்னொரு சண்டையை முடித்திருந்தார், உடம்பு சூட்டோடு இருந்தது. ஏழாவது ரவுண்டில் ஜோஷுவாவை முடித்தார். டிசம்பரில் சவூதியில் மறுபடி மோதியபோது ரூயிஸ் 283½ பவுண்டு. வெற்றிக்குப் பிறகு விருந்தும் கொண்டாட்டமுமாகக் கழித்துவிட்டேன், சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை என்று தோற்ற பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஜோஷுவாவோ சுமார் ஐந்து கிலோ குறைத்து வந்து, 12 ரவுண்டும் சுற்றிச் சுற்றி ஓடியே ஜெயித்தார். டைசனை 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் சாய்த்த பஸ்டர் டக்ளஸும் அதே அக்டோபரில் ஆறேழு கிலோ ஏறி வந்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்தார்.

நீ மறந்துவிட்ட ஒன்றும் இருக்கிறது. ஹெவிவெயிட்டுக்கு மேல் எல்லையே கிடையாது. 90 கிலோவைத் தாண்டினால் 95-ம் ஒன்றுதான், 120-ம் ஒன்றுதான். அவன் எதற்காகப் பட்டினி கிடக்கிறான்? இப்படி அவசரமாக எடையைக் குறைத்து, உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அந்த மாத்திரையை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. ராத்திரி சாப்பிடச் சொல். காலையில் ஓட்டம், ஸ்கிப்பிங், கழுத்துப் பயிற்சி, அப்புறம் முழு ரவுண்டாக பேக் குத்துவது. எடை குறைவதாக இருந்தால் அதில் மெதுவாகக் குறையட்டும். ஆறு மாதம் ஆனால் ஆகட்டும், அவனுக்கு 19 வயதுதானே.

கோபித்துக்கொள்ளாதே. உன் பிள்ளை என்றால் எனக்கும் பிள்ளைதான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். முட்டி வலி குறைந்து, மறுபடி கடற்கரையில் நடக்கத் தொடங்கிவிட்டேன். பொங்கலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வா, அவன் மணலில் ஓடட்டும், நாம் உட்கார்ந்து பேசுவோம். அடுத்த கடிதத்தில் எடை எவ்வளவு என்று எழுத வேண்டாம். பயிற்சிச் சண்டையின்போது ஓரமாக நின்று, மூன்றாவது ரவுண்டில் அவன் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்