மாயன்கள் மறையவில்லை, அங்கே போக லட்சங்களும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மெக்சிகோ பயணக் கட்டுரையை ஹூஸ்டனில் என் மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். திண்டுக்கல் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். படங்கள் எல்லாம் அருமை. ஆனால் இரண்டு இடங்கள் மனதை உறுத்திவிட்டன. அங்கே யுகடான் பகுதியில் இருக்கும் சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரைப் பார்க்க வேண்டுமானால் கான்கூன் கடற்கரை ஹோட்டலில் ஐந்து நாள் தங்கும் பேக்கேஜ் எடுப்பதுதான் வழி என்பதுபோல் எழுதியிருந்தார்கள். அப்புறம், அந்த நகரைக் கட்டிய பூர்வகுடி மக்களைப் பற்றி "மர்மமாக மறைந்துபோன மாயன் இனம்" என்று ஒரு வரி. போன பிப்ரவரியில் நான், மகள், பதினோரு வயதுப் பேத்தி மூவரும் ஒரு வார இறுதியில் போய்வந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டுமே சரியில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து இரண்டு நாளில் போய்வரும் ஊர் அல்ல அது. ஆனால் உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் என்னைப் போலப் பிள்ளைகளைப் பார்க்க டெக்சாஸுக்கும் புளோரிடாவுக்கும் வந்து, ஆறு மாதம் நான்கு சுவருக்குள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஹூஸ்டனிலிருந்து கான்கூனுக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிற நேரம். இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கட்டுரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் பலருக்கு உபயோகமாக இருந்திருக்கும். கிளம்புவது என்னவோ பக்கத்து ஊருக்குப் போவதுபோலத்தான் இருக்கும். திரும்பி வருவது சர்வதேச எல்லை வழியாக. அதனால் மகளுடைய வேலை அனுமதிக்கான ஒப்புதல் தாள் உட்பட எல்லாக் காகிதங்களையும் கையோடு கொண்டுபோனோம்.

டிக்கெட் விலையை நான்தான் பார்த்துவந்தேன். மகளுக்கு ஆபீஸ், மருமகனுக்கு இரவு ஷிப்ட். நோட்டு ஒன்றில் தினமும் காலையில் காப்பி குடித்ததும் விலையைக் குறித்துக்கொள்வேன். வெள்ளி மாலை கிளம்பினால் 241 டாலர். வெள்ளி விடியற்காலையில் கிளம்பினால் 205. மூன்றாவது வாரம் அதே விடியற்காலை விமானம் 168க்கு இறங்கியது. அந்த வெள்ளிக்கிழமை பேத்தியின் பள்ளியில் ஆசிரியர் பயிற்சி நாள், குழந்தைகளுக்கு விடுமுறை. உடனே எடுத்துவிட்டோம். இந்த விலைக்கு முன் இருக்கையின் அடியில் நுழையும் பை ஒன்றுதான் இலவசம். சக்கரப் பெட்டி கொண்டுபோனால் கேட்டில் நிறுத்திவைத்துப் பணம் கேட்கிறார்கள். என் முன்னால் நின்ற ஒரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு செட் உடை, ஒரு துண்டு, தட்டை முறுக்கு, தண்ணீர் பாட்டில். மூன்று நாளைக்கு இது போதும்.

கான்கூனில் தங்கவேயில்லை. மகளின் தோழி ஒருத்தி முந்தின வருடம் கடற்கரை ஹோட்டலிலிருந்து ஒரு நாள் டூர் போயிருந்தாள். காலையில் ஏற்றி, ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் பொறுக்கி, நடுவில் ஒரு கடையில் இறக்கி, சாப்பாடு போட்டு, உச்சி வெயிலில் சிச்சென் இட்சாவில் ஒன்றரை மணி நேரம் விட்டார்களாம். நீங்கள் பாராட்டியிருந்த பேக்கேஜிலும் அதே ஏற்பாடுதான். நாங்கள் பஸ் பிடித்து வயாதோலிட் என்ற சின்ன ஊருக்குப் போனோம். 1543இல் ஸ்பானியர்கள் அமைத்த ஊர். அங்கிருந்து சிச்சென் இட்சாவுக்கு வேனில் முக்கால் மணி நேரம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். பத்தரை மணிக்கு மேல் பஸ்கள் வரிசையாக வந்து கூட்டத்தை இறக்கும்வரை, அந்தப் பெரிய புல்வெளியில் குகுல்கான் என்ற பாம்புக் கடவுளின் பிரமிடு கோயிலைச் சுற்றிச் சுற்றி வர எங்களுக்கு இடமும் நேரமும் இருந்தன. இப்போது மேலே ஏற விடுவதில்லை. எனக்கு அது குறையாகவே படவில்லை. கீழே நின்று எண்ணுவதற்கே அவ்வளவு இருக்கிறது.

நான் கணக்கு டீச்சர், இந்த இடத்தில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள். மொத்தம் 364. உச்சியில் இருக்கும் மேடையைச் சேர்த்தால் 365. பேத்தி விரலால் காற்றில் எழுதிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, வருஷத்துக்கு எத்தன நாளோ அத்தன படியா?" என்று கத்தினாள். ஒன்பது அடுக்குகளையும் நடுவில் படிக்கட்டு பிரிப்பதால் ஒவ்வொரு முகத்திலும் பதினெட்டு துண்டுகள் தெரியும். மாயன்களின் வருடத்தில் மாதங்கள் பதினெட்டு, மாதத்துக்கு நாள் இருபது. ஆக 360. மீதி ஐந்து நாளைத் தனியாக வைத்தார்கள். இது போக 260 நாள் கொண்ட இன்னொரு காலண்டரும் சடங்குகளுக்கு உண்டு. இரண்டும் ஒரே நாளில் கிளம்பினால் மறுபடி எப்போது சந்திக்கும்? மரத்தடியில் உட்கார்ந்து பேத்தியைப் போடச் சொன்னேன். 260க்கும் 365க்கும் மீச்சிறு பொது மடங்கு 18,980. அதை 365ஆல் வகுத்தால் சரியாக 52 வருடம். அந்த 52 வருடம்தான் அவர்களுக்கு ஒரு சுற்று. எத்தனை பிள்ளைகளுக்கு மீச்சிறு பொது மடங்கு சொல்லிக்கொடுத்திருப்பேன்! இரண்டு மணிகள் ஒன்றாக அடிப்பது, இரண்டு பஸ்கள் ஒன்றாகக் கிளம்புவது என்றே கணக்கு கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கு கையில் இருந்திருந்தால் என் வகுப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து, சிப்பி போன்ற வடிவம் என்றால் சுழியம். இந்த மூன்று குறிகளால் எந்த எண்ணையும் எழுதினார்கள். நாம் பத்தின் மடங்கில் இடமதிப்பு போடுகிறோம், அவர்கள் இருபதின் மடங்கில். சுழியத்தை இந்தியா உலகுக்குத் தந்தது என்று பெருமையோடு நடத்தியவள் நான், அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. கடலுக்கு அப்பால் இன்னொரு மக்களும் தாங்களாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பேத்திக்கு அங்கேயே வைத்துச் சொன்னபோது தொண்டை அடைத்தது.

கோயிலின் படிக்கட்டுக்கு எதிரில் நின்று கைதட்டினால் எதிரொலி ஒரு பறவையின் கீச்சுக்குரல்போல் வருகிறது. கெட்சால் என்ற பறவையின் குரல் அது என்கிறார்கள். மாயன்கள் பந்து விளையாடிய மைதானம் 168 மீட்டர் நீளம். பகலும் இரவும் சமமாக இருக்கும் சமநாள் அன்று கோயில் படிக்கட்டில் பாம்பு போன்ற நிழல் இறங்குவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடும். மலிவாகவும் நிம்மதியாகவும் போக நினைப்பவர்கள் அந்தத் தேதியைத் தவிர்ப்பது நல்லது. நுழைவுச் சீட்டு மட்டும் மலிவில்லை. மத்திய அரசுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று என்று இரண்டு கவுன்ட்டரில் கட்ட வேண்டும்.

இனி அந்த "மறைந்துபோன இனம்". வயாதோலிட்டில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா மாயன். அவர் தன் அம்மாவிடம் போனில் பேசியதும் மாயன் மொழியில்தான். வேன் டிரைவரும், கோயில் பாதையில் பூவேலை செய்த சட்டை விற்ற பெண்களும் அதே மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். யுகடான் பகுதியின் மாயன் மொழியை மட்டும் மெக்சிகோவில் ஏழு லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள். குவாதமாலாவில் வேறு மாயன் மொழிகளைப் பேசுகிறவர்கள் இதைவிடப் பல மடங்கு. வீட்டுக்காரம்மா எங்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்: "பிஷ் ஆ பேல்". நலமா என்று கேட்பது. நேர்ப்பொருள், "உன் பாதை எப்படி?" பேத்தி பள்ளியில் ஸ்பானிஷ் படிப்பதால் அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். வேனில் ஏறும்போது அவள் டிரைவரிடம் "பிஷ் ஆ பேல்" என்றதும் அந்த மனிதர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாயன்களின் தெற்குப் பகுதி நகரங்கள் பல ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் காலியானது உண்மை. நீண்ட வறட்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று ஏரி வண்டலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நகரம் காலியானால் மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று ஆகிவிடுமா? சிச்சென் இட்சா ஓங்கி நின்றதே அதற்குப் பிறகுதான். கடைசி சுதந்திர மாயன் அரசை ஸ்பானியர் பிடித்தது 1697இல். மறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவர்களுடைய புத்தகங்களைச் சொல்லுங்கள். 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் அவற்றைக் குவித்து எரித்தார். மாயன் எழுத்தில் கையால் எழுதிய ஏடுகளில் இன்று மிஞ்சியவை நான்கே நான்கு. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஓலைச்சுவடிகளின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த வலி புரியாமல் போகாது. அது மர்மம் இல்லை. செய்தவர் பெயரும் வருடமும் தெரிந்த சம்பவம்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். அவரைப் பருப்பு மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு. சைவக்காரர்கள் "சின் மந்தேகா", கொழுப்பு வேண்டாம், என்று சொல்லிவிட வேண்டும். சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழம், அபனேரோ மிளகாய்ச் சட்னி வைத்தே என் மூன்று நாளும் ஓடின. சந்தையில் சப்போட்டாவைக் குவித்து வைத்திருந்தார்கள். நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரத்தின் சொந்த ஊர் அதுதான், பெயரும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். சிச்சென் இட்சா கோயில் வாசல்களின் மேல்விட்டங்களைச் சப்போட்டா மரத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் தாங்கும் மரம் என்று தெரியாமல் பழத்தை மட்டும் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு நஷ்டத்தையும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கு நேராமல் இருக்கட்டும். ஞாயிறு மாலை 4.50க்குக் கான்கூனில் விமானம். காலையில் எக் பாலாம் என்ற இன்னொரு மாயன் நகரைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். சனி இரவு வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வயாதோலிட் இருக்கும் யுகடான் மாநிலத்துக்கும் கான்கூனுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்திக்கொண்டது. இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே ஒன்று. பஸ் இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து விமான நிலையம் அரை மணி நேரம். போய்ச் சேரும்போது 3.45 ஆகியிருக்கும். கவுன்ட்டரை மூடுகிற நேரம். மூன்று டிக்கெட்டும் வீணாகியிருக்கும். நாங்கள் ஒன்பதரை மணி பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டோம். எக் பாலாமைப் பார்க்கவில்லை. அங்கே ஒரு அரசரின் கல்லறை வாசலை ராட்சத விலங்கின் வாய்போலச் சுதையில் செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் பேத்தி கிளம்பும் முன்பிருந்தே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

மொத்தச் செலவு: டிக்கெட் 504 டாலர், இரண்டு இரவு தங்க 90, பஸ், வேன், நுழைவுச் சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 300. மூன்று பேருக்கும் 894 டாலர். நீங்கள் வெளியிட்ட பேக்கேஜில் ஒரு ஆளுக்குக்கூட அது போதாது. ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது மிச்சம் பிடித்த பணத்துக்காக மட்டும் இல்லை. கடற்கரை ஹோட்டலில் தங்கியிருந்தால் அந்த வீட்டுக்காரம்மாவைப் பார்த்திருக்க மாட்டோம். உங்கள் கட்டுரையாளரைப் போல நானும் மாயன்கள் மறைந்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்.

அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் இனி ஏதாவது எழுதினால், விசா விவரத்தோடு அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்துப் போடுங்கள். நான் ஊர் திரும்ப இன்னும் பத்து வாரம் இருக்கிறது. நோட்டில் மறுபடி விலை குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்று காலை 219 டாலர். முதல் பக்கத்தில் பேத்தி தன் கையெழுத்தில் "எக் பாலாம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடும் மூன்று புள்ளியும் போட்டு வைத்திருக்கிறாள். எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திண்டுக்கல் (தற்போது ஹூஸ்டன்)