ஊர்வசி சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னன் புரூரவஸ் - தேவலோக அப்சரஸ் ஊர்வசி காதலைக் காளிதாசரிலிருந்தே தொடங்கிவிட்டது உங்கள் ஞாயிறு கட்டுரை. அதற்கு வெகுமுன்பே ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் 95-ஆம் பாடல் இருக்கிறது. அதன் 18 செய்யுள்களும் பிரிந்தபின் நடக்கும் வாக்குவாதம்தான். திரும்பி வா என்று புரூரவஸ் மன்றாடுகிறான். பெண்களின் நட்பு நிலைக்காது, அவர்கள் நெஞ்சம் ஓநாய் நெஞ்சம் என்று முகத்திலடித்தாற்போல் ஊர்வசி சொல்லிவிடுகிறாள். பிரிவின் காரணத்தை விரிவாகச் சொல்வது வேதத்துக்கு விளக்கமாக எழுந்த சதபத பிராமணம் என்ற நூல்: ஆடையின்றி அவள் கண்ணில் அவன் படக்கூடாது என்பது நிபந்தனை. தேவலோகத்துக் கந்தர்வர்கள் அவளுடைய ஆட்டுக்குட்டிகளைத் திருட, இவன் ஆடையின்றி அப்படியே எழுந்து ஓட, ஒரு மின்னல். அவ்வளவுதான், மறைந்துவிட்டாள். காளிதாசரோ தம் நாடகத்தில் அவளைக் கொடியாக்கி, மீட்டு, அவன் ஆயுள் உள்ளவரை சேர்த்தும் வைத்தார். நாடகத்துக்கு அது சரி. எனக்கென்னவோ அந்த ஓநாய் வரிதான் பிடிக்கிறது.

- ஒரு வாசகர்