ஞாயிறு சிரமதானம்: கல்லடி ஒழுங்கை உறவுகளுக்கு

வணக்கம் உறவுகளே. மாரி மழை தொடங்க முன்னம், டெங்கு நுளம்பு பெருகாமல் ஒழுங்கையைத் துப்புரவாக்க ஞாயிறு காலை 6.30க்கு வாசிகசாலையடியில் கூடுவோம். மண்வெட்டி, கத்தி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள்.

டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் பட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிவிடும். அதனால் வாளி, பூச்சாடித் தட்டு, கோழிச் சட்டி எல்லாவற்றையும் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது.

மக்கள் படிக்கிற, வேலை செய்கிற, விளையாடுகிற இடத்தில்தான் ஆரோக்கியம் உருவாகிறது என்று 1986இல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் வந்த ஒட்டாவா சாசனம் சொன்னது. நமக்கு அந்த இடம் இந்த ஒழுங்கைதான். ஆளில்லாத வளவுகளின் இளநீர்க் கோம்பைகளையும் நாமே பொறுக்குவோம். வடிகானுக்கு மூடி கேட்டுச் சபைக்குக் கொடுக்கும் கடிதத்தில் அன்றே கையெழுத்து வையுங்கள்.

பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தேத்தண்ணி மாதர் சங்கத்தின் பொறுப்பு.