பிரேக் பேட் மாற்றிய பிறகு ஏர் எடுக்கணுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்த செய்தி படித்து ரொம்ப சந்தோஷம். பிரேக் பேட் மாற்றிய பிறகு பெடல் தரைவரை போகிறது, ஏர் எடுக்கணுமா, அதாவது பிரேக் ஆயில் லைனில் உள்ள காற்றை வெளியேற்றணுமா என்று கேட்டிருந்தாய்.

பேட் மட்டும் மாற்றியிருந்தால் ஏர் எடுக்கத் தேவையில்லை. ஆயில் ஹோஸையோ பிளீடரையோ (சக்கரத்தருகே காற்றை வெளியேவிடும் திருகு) தொடாதபோது காற்று உள்ளே போக வழியில்லை. புது பேடுக்காக, பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறாய், அதனால்தான் பெடல் தரைவரை போகிறது. வண்டியை நகர்த்துமுன் பெடலை நிதானமாகப் பலமுறை மிதி, கெட்டியாகிவிடும். இதைச் செய்யாமல் கிளப்பினால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிரேக் ஆயில் டேங்கையும் பார்: பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் மேலேறி வழியலாம். பெயிண்டில் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

அதன் பிறகும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, ஆயில் 2 வருஷத்துக்கு மேல் பழசானாலோ ஏர் எடு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 வகை ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரமேறினால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமனே அமுங்கும். டேங்க் மூடியில் போட்டிருக்கும் வகையை, சீல் உடையாத பாட்டிலாக வாங்கு. டாட் 5 சிலிக்கான். அதைக் கலக்கவே கூடாது.

ஏர் எடுப்பதைப் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். சில வண்டிகளில் வரிசை மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள். பிளீடரில் ரிங் ஸ்பேனரை மாட்டி, பிளீடர் முனையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகு. டியூபின் மறுமுனை பாட்டிலில் ஊற்றிய ஆயிலுக்குள் மூழ்கியிருக்கணும். உதவிக்கு இருப்பவர் பெடலை மிதித்துப் பிடித்ததும் பிளீடரைக் கால் பங்கு சுற்றுத் திற. பெடல் இறங்கும். அவர் காலை எடுப்பதற்கு முன்பே நீ மூடிவிடணும், இல்லையென்றால் வெளியே போன காற்று அப்படியே திரும்ப உள்ளே வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குமிழி நின்று, ஆயில் தெளிவாக வரும்வரை தொடர்.

பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தவிடாதே, அடியில் கட்டைப் பலகை வை. மாஸ்டர் சிலிண்டரின் ஆழத்தில் துரு பிடித்திருந்தால் சீல் கிழியும். டேங்க் காலியாகவும் விடாதே. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல வண்டிகளில் ஒர்க்‌ஷாப் ஸ்கேனர் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருந்தால் காலிப்பரை (பேடையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்) பார். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் பிளீடர் கீழே இருக்கும், மேலே தங்கிய காற்று வரவே வராது.

கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. அந்த நிலையில் வண்டியை எடுக்காதே. பெடல் எப்படி நிற்கிறது என்று எழுது.

அன்புடன்,
ரவி