எடிட்டிங் வகுப்பின் முதல் பாடம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கினாலே நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் ‘குறுகிய காலத்தில் வீடியோ எடிட்டிங்’ வந்துவிடுகிறது. பிள்ளைகளும் ஆர்வமாகச் சேர்கிறார்கள். முதல் நாளே டிரான்ஸிஷன் (ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் அலங்காரம்), எஃபெக்ட், கலர் ஃபில்டர் என்று வகுப்பு களைகட்டுகிறது. வீட்டுக்கு வந்து, பள்ளி ஆண்டுவிழாவைக் கைபேசியில் எடுத்த சொந்த வீடியோவைத் திறந்தால்தான் சிக்கல் தெரிகிறது. படம் திக்கித் திக்கி ஓடும், உதடு ஒரு பக்கம் போக ஒலி ஒரு பக்கம் போகும். மென்பொருள் கற்பவருக்கு வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை இந்த வகுப்புகள் தாண்டிப் போய்விடுகின்றன.

முதலாவது, புராஜெக்ட் கோப்பு என்பது என்ன என்பது. அதற்குள் வீடியோ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது முகவரிகள்தான்: இந்த டிரைவில் இந்த ஃபோல்டரில் உள்ள இந்தக் கிளிப்பின் 12-வது நொடியிலிருந்து 19-வது நொடிவரை எடு என்பது போன்ற குறிப்புகள். அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு இன்னொரு கணினியில் திறந்தால், காட்சி இருக்க வேண்டிய இடத்தில் ‘கோப்பைக் காணவில்லை’ என்றுதான் வரும். எனவே ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் காட்சி, ஒலி, படம், புராஜெக்ட், வெளியீடு என்று ஐந்து உள் ஃபோல்டர்கள். எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்த பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும். பாதி வேலையில் கோப்பின் பெயரை மாற்றவே கூடாது. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஃப்ரேம் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் (ஃப்ரேம்) என்ற கணக்கு. பலரைத் தோற்கடிப்பது இதுதான். கைபேசியில் ‘30’ என்று போட்டிருந்தாலும் எல்லா நொடியிலும் சரியாக 30 படங்கள் பதிவாவதில்லை. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. சராசரி 29.9 என்று வைத்துக்கொள்வோம். 20 நிமிடப் பேச்சில் 35,880 படங்கள் இருக்கும். எல்லாம் சீரான 30 என்று எண்ணும் மென்பொருள் அதை 1196 நொடியில் ஓட்டி முடித்துவிடும். ஒலியோ 1200 நொடி ஓடும். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, கடைசியில் நான்கு நொடி விலகி நிற்பது இதனால்தான். ஒலியை இழுத்து இழுத்து ஒட்டவைப்பது வீண் வேலை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, வீடியோ பகுதியில் ஃப்ரேம் ரேட்டை 30 ஆக்கி, ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்து, தர எண்ணை 18 அளவில் வைத்து மாற்றிய பிறகு வெட்டலாம். அதில் ஒரு பொறி உண்டு. வழக்கமாகப் பலர் எடுக்கும் ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்பில் ‘பீக்’ (30 என்பது உச்ச வரம்பு மட்டும்) என்பதே தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டால் மாற்றிய கோப்பும் சீரில்லாமல்தான் வரும்.

திக்கித் திக்கி ஓடுவதற்கு வேறு காரணம். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264, எச்.265 வகைக் கோப்புகளில் எல்லாப் படமும் முழுதாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம்; மற்றவற்றில் பக்கத்துப் படங்களிலிருந்து மாறிய பகுதி மட்டும். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினால் கணினி பின்னால் போய்க் கணக்குப் போட்டுத்தான் அந்தப் படத்தைக் காட்ட முடியும். எச்.265 இன்னும் கனம். ஐபோனில் 1080பி வீடியோ ஒரு நிமிடத்துக்கு எச்.265 முறையில் சுமார் 60 எம்பி, பழைய எச்.264 முறையில் 130 எம்பி. மிச்சமாகும் இடத்துக்கான விலையைக் கணினியின் செயலி கொடுக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினியை மாற்றுமுன் புராஜெக்ட் அமைப்பில் ‘ப்ராக்ஸி’யை இயக்கிப் பாருங்கள். சின்ன நகல்களை வைத்து வெட்டலாம், கடைசியில் ரெண்டர் ஆகும்போது, அதாவது முடித்த வீடியோ உருவாகும்போது, அசல் கோப்புகளே பயன்படும்.

இதற்குப் பிறகுதான் வெட்டு. கேடென்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் ஒரு சிறு பயிற்சி. தலைமையாசிரியர் பேசுகிறார், பேச்சு முடியுமுன்பே மாணவர்களின் முகம் வர வேண்டும். வேண்டாத இடத்தின் இரு முனையிலும் ஷிஃப்ட்+ஆர் அழுத்தி வெட்டி, நடுத் துண்டை டெலீட் செய்து, காலி இடத்தில் வலது கிளிக் செய்து ‘ரிமூவ் ஸ்பேஸ்’ கொடுங்கள். பிறகு அடுத்தடுத்து நிற்கும் தலைமையாசிரியர் கிளிப், மாணவர் கிளிப் இரண்டையும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜி மூலம் படம் தனி, ஒலி தனியாகப் பிரித்து, தலைமையாசிரியரின் படத்தை மட்டும் கடைசியில் 15 ஃப்ரேம், அதாவது அரை நொடி, உள்ளே தள்ளுங்கள். மாணவர் படத்தின் முன்முனையை அதே அளவு இடப்பக்கம் இழுங்கள். குரல் தொடர, முகம் மாறும். எந்த டிரான்ஸிஷனும் வேண்டியதில்லை. ஆனால் மாணவர் கிளிப்பை அதன் முதல் ஃப்ரேமிலிருந்தே பயன்படுத்தியிருந்தால் இழுக்க ஒன்றும் இருக்காது. படம் பிடிக்கும்போதே முன்னும் பின்னும் இரண்டு நொடி கூடுதலாக ஓடவிட வேண்டும். வேலை முடிந்ததும் படத்தையும் ஒலியையும் கன்ட்ரோல்+ஜி மூலம் மறுபடி சேர்த்துவிடுங்கள். மறந்தால், பின்னால் ஒரு கிளிப்பை நகர்த்தும்போது படம் மட்டும் நகர்ந்து ஒலி அங்கேயே நின்றுவிடும்.

ஒலியை மீட்டரைப் பார்த்து வைக்க வேண்டும். லேப்டாப் ஸ்பீக்கரை நம்பக் கூடாது. பேச்சின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பதிவிலேயே மீட்டரின் உச்ச எல்லையான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலைப் பிறகு குறைத்தாலும் கரகரப்பு போகாது. பின்னணி இசை பேச்சைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே இருந்தால் போதும். நம் ஊர் அறைகளில் மின்விசிறிச் சத்தம் இல்லாத பதிவு அபூர்வம். பேச்சின் நடுவே ஒரு இருமலை வெட்டி எடுத்துவிட்டு அங்கே வெறுமையாக விட்டால், விசிறி திடீரென்று நின்று மறுபடி ஓடுவதுபோலக் கேட்கும். யாரும் பேசாமல் அதே அறையில் அரை நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு துண்டை எடுத்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

தமிழில் தலைப்பு போடுவோருக்குத் தனித் தொல்லை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவில் ‘செய்திகள்’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? பிரிஃபரன்ஸ் பகுதியில் கிராஃபிக்ஸ் என்பதற்குள் எழுத்து இயந்திரத்தை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்கள் இருக்க, பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பானேன்? சப்டைட்டில் கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும்.

எக்ஸ்போர்ட், அதாவது முடித்த வீடியோவைக் கோப்பாக வெளியிடுவது, எளிது. 1080பி, 30 ஃப்ரேம், எச்.264, நொடிக்கு 8 மெகாபிட். யூடியூபின் பரிந்துரையும் இதுவே. எட்டு மெகாபிட் ஒரு எம்பி என்பதால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பி வரும். 50 மெகாபிட் கொடுத்தால் கோப்புதான் பருக்கும், மங்கலாக எடுத்த படம் தெளியாது.

எந்த மென்பொருள் என்ற சண்டைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் இலவசம், இரண்டுக்கும் அடியில் ஓடும் இயந்திரமும் ஒன்றுதான். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வலுவானது. ஆனால் 16 ஜிபி ராம் இல்லாமல் அதைத் தொடுவது தலைவலி. ‘கிராக்’ செய்த பிரதியை நிறுவித் தருகிறோம் என்று சொல்லும் வகுப்பு, வைரஸையும் சேர்த்துத் தரக்கூடும்.

கட்டணம் கட்டப் போகும் பெற்றோர் ஒன்று கேட்கலாம்: “பிள்ளை தன் கைபேசியில் எடுத்த 20 நிமிட வீடியோவைக் கொண்டுவரலாமா? முதல் வகுப்பை அதை வைத்து நடத்துவீர்களா?” பெரும்பாலான இடங்களில் “வேண்டாம், ஃபுட்டேஜ் நாங்களே தருவோம்” என்பார்கள். அவர்கள் தரும் மாதிரிக் காட்சி ஃப்ரேம் ரேட் சீராக்கப்பட்டு, ஒலி சரிசெய்யப்பட்டு, ஒரே ஃபோல்டரில் தயாராக இருக்கும். மேலே சொன்ன எந்தச் சிக்கலும் அதில் தலைகாட்டாது.

இப்படிக்கு,
எடிட்டிங் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.