ஞாயிற்றுக்கிழமை கறியில் பெண்களுக்கு என்ன மிஞ்சுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடம்பு நன்றாக இருக்க வேண்டுமானால் அசைவத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்கிற மாதிரி எழுத்துகள் உங்கள் ஞாயிறு இணைப்பில் அடிக்கடி வருகின்றன. அதைப் படித்துவிட்டு உடனே கடைப்பிடிப்பது யார்? வாரத்தில் மூன்று நாள் ஹோட்டல் பிரியாணி சாப்பிடுகிற ஆண்கள் விடப் போவதில்லை. ஏற்கெனவே ஒரு துண்டு, இரண்டு துண்டோடு எழுந்துவிடுகிற பெண்கள்தான் "சரி, உடம்புக்கு நல்லதுதானே" என்று அதையும் விட்டுவிடுவார்கள். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பது என்று வருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். கர்ப்பிணிக்குக் குறைந்தது பதினொன்றாவது இருக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிற மாநிலத்தில் இந்த நிலைமை. அதிக உதிரப்போக்கு, குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம் என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு, கறி சாப்பிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தட்டில் என்ன விழுகிறது என்பதும் பெரிய காரணம்.

ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஞாயிறு ஒரு கிலோ கறி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து மசாலா அரைத்து, குழம்பு வைத்து, வறுவல் செய்வது வீட்டுப் பெண். முதல் பந்தியில் மாமனார், கணவர், மகன். நல்லி எலும்பும் ஈரலும் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் பிள்ளைகள், வந்த விருந்தாளி. மூன்று மணிக்கு அவள் உட்காரும்போது வாணலியில் ஒட்டியிருக்கிற மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, நாலு எலும்போடு சாப்பிட்டு முடிப்பாள். கேட்டால் "நானும் கறிதானே சாப்பிட்டேன்" என்பாள். புரதமும் இரும்பும் பெரும்பாலும் துண்டில்தான் இருக்கின்றன, குழம்பில் அதிகம் இருப்பது எண்ணெயும் உப்பும் மசாலாவும்தான்.

இத்தனைக்கும் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுவது அவளுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 29 மில்லிகிராம். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும், அதிலும் சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் இன்னும் குறையும். கறி, ஈரல், மீனில் இருக்கிற இரும்பு அதைவிட நன்றாகச் சேரும், கூடவே சாப்பிடுகிற கீரை, பருப்பிலிருந்தும் இரும்பு சேர உதவும். பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலை, சுட்டோ மிளகு போட்டு வதக்கியோ கொடுக்கிற வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த ஒரு சில நாளோடு அது நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். (ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.)

அதற்காக நிறையச் சாப்பிடச் சொல்லவில்லை. சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி போன்ற சிவப்பு இறைச்சிக்கும் அந்த வாய்ப்பு இருக்கலாம் என்றது. பொரித்த கோழியும் பரோட்டாவும் தினம் சாப்பிட்டால் அதைச் சமச்சீர் உணவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே நாளில் கால் கிலோ தின்றுவிட்டு ஆறு நாள் வெறும் சாம்பாரும் ரசமும் என்பதைவிட, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் மத்தியோ நெத்திலியோ, ஒரு நாள் கோழி ஈரல், ஞாயிறு கொஞ்சம் கறி என்று பிரித்துக்கொள்ளலாம். தட்டில் பாதி காய், கீரை இருக்கட்டும், சோற்றைக் குறைக்கலாம், மேலே எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு இதுதான் கட்டுப்படியும் ஆகும். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி விரதம் எல்லாம் இதில் தாராளமாக அடங்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மாற வேண்டியதில்லை. பயறு, பருப்பு, கீரையை எலுமிச்சை, நெல்லிக்காயோடு சேர்த்துக்கொள்ளட்டும், பி12-க்குப் பாலும் தயிரும் விடாமல் இருக்கட்டும். ஆனால் அசைவம் சாப்பிடுகிற வீட்டில், ரத்தம் குறைவாக இருக்கிற பெண்ணிடம் போய்க் கறியை விடு என்று சொல்வது நியாயமில்லை. மருந்து மாத்திரை கொடுத்தோம், டானிக் கொடுத்தோம், ஒவ்வொரு வீட்டிலும் மாமியாரிடம் "இவளுக்கும் ரெண்டு துண்டு எடுத்து வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வருவோம். எடுத்து வைத்த வீடுகளும் உண்டு.

உங்கள் சமையல் பக்கத்தில் வாராவாரம் பிரியாணி வகைகள் வருகின்றன. அந்த இடத்தில் ஒரு வாரமாவது சுவரொட்டி வதக்கலும் மத்திக் குழம்பும் முட்டை போட்ட முருங்கைக்கீரைப் பொரியலும் போடுங்கள், கூடவே ஒரு ஆளுக்கு எத்தனை துண்டு என்றும் போடுங்கள், சமைத்தவளையும் சேர்த்து எண்ணி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.